வெள்ளைத் தாள் வைத்தும் பின்னணி சாம்பலாக விழுவது ஏன்?

அம்பாசமுத்திரத்தில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டில் கடைகிற மரச் சொப்புச் சாமான்களையும், பத்தமடையில் வாங்கும் கோரைப் பாய்களையும் இணையத்தில் விற்கிறாராம். விற்பனைத் தளத்தில் பொருளுக்கு முதலில் தெரியும் படத்துக்குப் பின்னணி சுத்த வெள்ளையாக இல்லை என்று படங்கள் திரும்பி வருகின்றன. வெள்ளைச் சார்ட் பேப்பரை மேஜையில் விரித்து, அதையே பின்சுவரில் ஏற்றி ஒட்டி, இரண்டு பக்கமும் எல்.இ.டி. பல்பு வைத்துத்தான் எடுக்கிறார். தாள் சாம்பலாக விழுகிறது. வெளிச்சத்தைக் கூட்டினால் தாள் வெளுக்கிறது, கூடவே சொப்பும் வெளிறி ஓரம் கரைந்து போகிறது. "நல்ல கேமரா வாங்கணுமா, பெரிய லைட் வாங்கணுமா, இல்ல ஆப்பில் வெட்டி ஒட்டிரலாமா?" என்பது அவர் கேள்வி.

தம்பி, மூன்றும் இப்போது வேண்டாம். பாளையங்கோட்டையில் ஸ்டூடியோ வைத்து எனக்கு 25 வருஷம் ஆகிறது. இதே கேள்வியோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: பொருளுக்கும் தாளுக்கும் ஒரே லைட்டா, தனித்தனி லைட்டா? ஒரே லைட் என்றால் சிக்கல் அங்கேயே இருக்கிறது.

முதலில் சாம்பல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். வீட்டில் ஒரு வெள்ளை வேட்டியை ஃபிரேம் முழுக்க நிரப்பி, கேமராவை ஆட்டோவில் வைத்து ஒரு படம் எடுங்கள். அப்புறம் ஒரு கருப்புக் குடைத் துணியை அதே மாதிரி எடுங்கள். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பலாக இருக்கும். கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு வேட்டியும் தெரியாது, குடையும் தெரியாது. எதிரே இருப்பது எதுவானாலும் அது நடுத்தரச் சாம்பல், அதாவது விழுந்த வெளிச்சத்தில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் பொருள் என்று எடுத்துக்கொண்டுதான் கணக்குப் போடும். நல்ல வெள்ளைத் தாள் 90 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். ஐந்து மடங்கு. எங்கள் கணக்கில் வெளிச்சம் இரண்டு மடங்கானால் ஒரு ஸ்டாப். ஐந்து மடங்கு என்பது இரண்டு ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேல். உங்கள் ஃபிரேமில் முக்கால்வாசி வெள்ளைத் தாள்தான், அதனால் மீட்டர் அந்த இரண்டு ஸ்டாப்பையும் குறைத்துவிடுகிறது. ஆட்டோவை விட்டு, அளவை நாமே வைக்கும் மேனுவலுக்கு வருவது அதனால்தான் முதல் வேலை.

சரி, மேனுவலில் சொப்புக்குச் சரியாக எக்ஸ்போஷர், அதாவது கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தின் அளவு, வைத்துவிட்டோம். அப்போதும் தாள் சுத்த வெள்ளை ஆகாது, கேமராவைப் பொறுத்து 230, 240 என்று நிற்கும். டிஜிட்டல் படத்தில் கருப்புக்கு 0, வெள்ளைக்கு 255. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 255 ஆனால்தான் கேட்கிற வெள்ளை. அமேசான் முதல் படத்துக்குக் கேட்பது இந்த 255தான். பொருள் ஃபிரேமில் 85 சதவீதம் நிறைந்திருக்கவும் வேண்டும். ஒரே வெளிச்சத்தில் நிற்கும் தாள் அந்த இடத்துக்கு வராமல் அரை ஸ்டாப், முக்கால் ஸ்டாப் கீழேயே நின்றுவிடும். அதை ஏற்றப் போய்த்தான் நீங்கள் சொப்பை வெளுக்க விடுகிறீர்கள்.

அதில் தூரமும் சேர்ந்துகொள்கிறது. லைட்டில் இருந்து தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் பாதி ஆவதில்லை, கால் பங்கு ஆகிவிடும். பல்புக்கு இரண்டு அடியில் சொப்பு, நான்கு அடியில் சுவர்த்தாள் என்றால் தாளுக்குக் கிடைப்பது சொப்புக்குக் கிடைப்பதில் கால்வாசிதான். இரண்டு ஸ்டாப் போய்விட்டது. எவ்வளவு உயர்ந்த தாள் வாங்கி ஒட்டினாலும் அது சாம்பலாகத்தான் விழும்.

ஆகவே பின்னணியை ஒரு பொருளாக நினைத்துக்கொள்ளுங்கள். சொப்பை எடுப்பது ஒரு வேலை, சுவரை எடுப்பது இன்னொரு வேலை. இரண்டுக்கும் தனி லைட். சொப்புக்கு விழுவதை விடச் சுவருக்கு ஒரு ஸ்டாப் கூடுதலாக விழ வேண்டும். ஒன்றரைக்கு மேல் போகக் கூடாது, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

உங்கள் வீட்டில் இருப்பதை வைத்தே செய்யலாம். வெள்ளையடித்த சுவர் இருந்தால் தாளே வேண்டாம். சுவரில் இருந்து நான்கு, ஐந்து அடி முன்னால் மேஜையைப் போடுங்கள். 20 வாட் எல்.இ.டி. டியூப் இரண்டு வாங்கி, சுவரின் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, செங்குத்தாக நிறுத்துங்கள். இரண்டும் சுவரைச் சாய்வாகப் பார்க்கட்டும். இடது டியூப் சுவரின் வலது பாதியை நோக்க வேண்டும், வலது டியூப் இடது பாதியை. அப்போதுதான் நடுவில் ஒரு வெளிச்சம், ஓரத்தில் ஒரு வெளிச்சம் என்று இல்லாமல் சமமாக விரியும். டியூபுக்கும் மேஜைக்கும் நடுவே ஆளுக்கொரு தெர்மாகோல் பலகையை மறைப்பாக நிறுத்திவிடுங்கள், சுவருக்குப் போகிற வெளிச்சத்தில் ஒரு பொட்டுக்கூட சொப்பின் மேல் விழக் கூடாது.

மேஜையின் மேல் சார்ட் பேப்பர் விரித்தால் முன்பக்கம் மட்டும் சாம்பலாக நிற்கும். அங்கே சொப்புக்கான வெளிச்சம்தான் விழுகிறது, அது போதாது. அதற்குப் பதில் பளபளப்பான வெள்ளை மைக்கா ஷீட்டோ, வெள்ளை அக்ரிலிக் ஷீட்டோ ஒரு துண்டு வாங்கிப் போடுங்கள். கேமராவைத் தாழ்த்தி வைத்துப் பார்த்தால் ஷீட்டில் பின்சுவரின் பிரதிபலிப்பு விழும். சுவர் 255 என்றால் மேஜையும் அதை ஒட்டி வந்துவிடும். சொப்பின் அடியில் அதன் சாயல் தண்ணீரில் தெரிகிற மாதிரி லேசாக இறங்கும், பார்க்க நன்றாகவே இருக்கும்.

இனி சோதனை. இந்த ஒன்றை மட்டும் விடாமல் செய்யுங்கள். முதலில் சொப்புக்கு லைட் வைத்து அதற்கு எக்ஸ்போஷர் சரி பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த லைட்டை அணைத்து, சுவர் டியூப் இரண்டை மட்டும் எரியவிட்டு, கேமராவில் எதையும் மாற்றாமல் ஒரு படம் எடுங்கள். சுவர் முழுக்க வெள்ளை, நடுவில் சொப்புக் குடம் கருப்புத் தாளில் வெட்டி ஒட்டின மாதிரி விழ வேண்டும். படத்தைப் பெரிதாக்கிக் குடத்தின் வயிற்றுப் பக்கம் பாருங்கள். ஓரம் கத்தியால் வெட்டினது போல இருந்தால் சரி. வயிற்றின் இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் ஒரு பிறை தெரிந்தால், சுவரில் பட்ட வெளிச்சம் திரும்பி வந்து குடத்தைச் சுற்றிக்கொள்கிறது என்று அர்த்தம். மேஜையை இன்னும் ஒரு அடி முன்னால் இழுங்கள், திரும்ப எடுங்கள். பிறை மறைகிற வரைக்கும் இழுக்கலாம். கழுத்து, மூடியின் குமிழ், விளிம்பு எல்லாம் கருப்பாக நிற்கும் படம் ஒன்று கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சொப்பு லைட்டை மறுபடி போட்டால் அந்தக் கருப்புக்குள் அரக்குச் சிவப்பும் மஞ்சளும் நிறைந்து வரும்.

சுவர் எங்கெங்கே 255 ஆகியிருக்கிறது என்று கேமராவே காட்டும். எல்லை தாண்டின இடம் கருப்பும் வெள்ளையுமாக மினுக்கும். மெனுவில் ஹைலைட் அலர்ட் என்று இருக்கும், போட்டு வைத்துக்கொள்ளுங்கள். சுவர் முழுக்க மினுக்க வேண்டும், சொப்பில் ஒரு புள்ளிகூட மினுக்கக் கூடாது. அது நடந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். கூடுதல் வெள்ளை என்று ஒன்று கிடையாது. 255க்கு மேல் கொட்டுகிற வெளிச்சம் படத்தில் வெள்ளையாகச் சேராது, லென்ஸுக்குள் சிதறிப் படம் முழுக்கப் பனி மூடின மாதிரி ஆக்கிவிடும். கருப்பு கருப்பாக இருக்காது, நிறம் கஞ்சித் தண்ணீராகிவிடும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பாத்திரக் கடைக்காகப் பித்தளைக் குத்துவிளக்கு நாற்பதுக்கும் மேலே எடுத்தேன். வெள்ளை நன்றாக விழ வேண்டும் என்று பின்னணி ஃபிளாஷை முழு வேகத்தில் வைத்துவிட்டேன். பித்தளை கண்ணாடி மாதிரி அல்லவா, பின்னால் இருந்த வெள்ளை முழுக்க விளக்கின் இரண்டு ஓரத்திலும் ஏறிவிட்டது. ஐந்து முகமும் தெரிகிறது, தண்டின் ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. மறுபடி அத்தனையும் எடுத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஸ்டூடியோவில் கருப்பு அட்டை இல்லாமல் வெள்ளைப் பின்னணி வேலை தொடங்குவதில்லை.

கருப்பு அட்டைக்கு இரண்டு வேலை. ஒன்று, ஃபிரேமுக்கு வெளியே இருக்கிற வெள்ளையை மறைப்பது. உங்கள் சுவர் ஆறு அடி அகலம் இருந்தாலும் கேமராவுக்குத் தேவை சொப்பின் பின்னால் தெரியும் இரண்டு அடிதான். மீதி நான்கு அடியும் லென்ஸுக்குள் சும்மா வெளிச்சம் தள்ளிக்கொண்டிருக்கும், கருப்புத் துணி போட்டு மூடிவிடுங்கள். இன்னொன்று, பொருளுக்கு ஓரம் வரைவது. பித்தளை, எவர்சில்வர், கண்ணாடி, வெள்ளைப் பொருள் எதுவானாலும் அதன் இடமும் வலமும் ஃபிரேமுக்குச் சற்று வெளியே ஒரு கருப்பு அட்டையை நிறுத்தினால், அதன் நிழல் விளிம்பில் மெல்லிய கோடாக ஏறும். பென்சிலால் வரைந்த மாதிரி இருக்கும். மணிவிழாத் தம்பதியை வெள்ளைப் பின்னணியில் எடுக்கச் சொல்லி வருவார்கள். ஐயா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தலையும் வெள்ளை. அவருக்கு இரண்டு பக்கமும் ஆள் உயரக் கருப்புப் பலகை இரண்டை இரண்டடி தள்ளி நிறுத்திவிட்டால் தோள்பட்டையும் வேட்டிக் கரையும் பின்னணியில் இருந்து தனியே பிரிந்து நிற்கும்.

ஆள் படம் என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வெள்ளைப் பின்னணியில் ஆட்டோவில் எடுத்தால் நம்மவர் முகம் இருண்டு விழும். வெள்ளையைப் பார்த்து மீட்டர் குறைத்துவிட்டது, அவ்வளவுதான். அதைச் சரிக்கட்ட முகத்தைச் சாஃப்ட்வேரில் வெளுத்துக் கொடுக்கிற வழக்கம் நம் தொழிலில் ஊறிக் கிடக்கிறது. முகத்துக்குத் தனி லைட் வைத்து, முகத்தைப் பார்த்து எக்ஸ்போஷர் வைத்தால் வெளுக்க வேண்டிய அவசியமே வராது. மாநிறம் மாநிறமாக, கருப்பு நல்ல கருப்பாக, பின்னால் சுத்த வெள்ளை வைத்தே அழகாக வரும். பெண் பார்க்க அனுப்பும் படத்துக்குக்கூட நான் அப்படித்தான் கொடுக்கிறேன்.

சொப்புக்கான லைட்டுக்கு வருவோம். அரக்குப் பூசின மரம் பளபளக்கும். வெறும் பல்பை நேரே காட்டினால் பல்பின் உருவம் அப்படியே குடத்தின் வயிற்றில் வெள்ளைப் பொட்டாக உட்கார்ந்துவிடும். நடுவில் ஒரு பட்டர் பேப்பரையோ மெல்லிய வெள்ளைத் துணியையோ ஒரு சட்டத்தில் கட்டி நிறுத்துங்கள். பொட்டு விரிந்து மென்மையான பட்டையாகும். துணி வேட்டியாக இருந்தால் சொட்டு நீலம் போட்டு வெளுத்தது வேண்டாம். கண்ணுக்குப் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தாலும் அதில் ஊடுருவி வரும் வெளிச்சம் நீலம் பாரிக்கும். பின்னணிக்குச் சலவை வேட்டியைக் கட்டினால் நீலம் தெரிவதும் இதனால்தான். நல்ல வேளையாக, பின்னணி மூன்று நிறத்திலும் 255ஐத் தொட்டுவிட்டால் அந்த நீலம் மறைந்துவிடும். நீலமோ மஞ்சளோ பாரித்த வெள்ளை என்றாலே ஏதோ ஒரு நிறம் இன்னும் எல்லையைத் தொடவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

லைட் செலவே வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும் என்றாலும் சரிதான். ஆனால் புத்தகங்களிலும் வீடியோக்களிலும் வடக்கு ஜன்னலைத் தேடு, அங்கே வெயில் நேராக வராது என்று சொல்வார்கள். அது வடக்கே தள்ளி இருக்கிற குளிர் நாட்டுக்காரர்கள் எழுதினது. திருநெல்வேலி நிலநடுக்கோட்டுக்கு 8.7 பாகை வடக்கேதான் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் இருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். காலையும் மாலையும் வெயில் சாய்ந்து வடக்கு ஜன்னலுக்குள் இறங்கிவிடும். அந்த மாதங்களில் தெற்கு ஜன்னல்தான் நமக்குச் சாது. மற்ற மாதங்களில் வடக்கு. உங்கள் பக்கம் இன்னொரு சங்கடமும் உண்டு. சாரல் காலத்தில் மலையில் இருந்து மேகம் ஓடிக்கொண்டே இருப்பதால் ஜன்னல் வெளிச்சம் நிமிஷத்துக்கு ஒரு மாதிரி மாறும். ஒரு சொப்புச் செட்டில் இருபது சாமான் எடுக்கும்போது முதல் படமும் கடைசிப் படமும் ஒன்றுபோல இருக்காது. ஜூன், ஜூலையில் திரை போட்டு மூடிவிட்டு டியூபில் எடுப்பதே நிம்மதி. எது எரிந்தாலும் ஒரே ரக வெளிச்சம் எரியட்டும். வெள்ளை டியூபோடு மஞ்சள் பல்பும் எரிந்தால் நிறம் குழம்பிவிடும். மின்சாரம் நமக்கு 50 ஹெர்ட்ஸ், மட்டமான எல்.இ.டி. விநாடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடி என்று வைத்தால் படத்தில் கோடு விழாது.

போனில் எடுத்தால் ஹெச்.டி.ஆரை அணையுங்கள். வெளுத்த இடத்தை இழுத்துப் பிடித்துச் சாம்பலுக்குக் கொண்டுவருவதுதான் அதன் வேலையே, நாம் மெனக்கெட்டு ஏற்றின வெள்ளையை அது இறக்கிவிடும். அளவை நாமே வைக்கும் புரோ மோட் இருந்தால் அதில் எடுங்கள். இல்லாவிட்டால் சொப்பின் மேல் விரலை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் லென்ஸைத் துடையுங்கள். விரல் எண்ணெய் பட்ட லென்ஸில் வெள்ளைப் பின்னணி எடுத்தால் பனி மூட்டம் உறுதி.

பாய்க்குக் கதை வேறு. பத்தமடைப் பாயின் இயற்கை நிறமே வெளிர் வைக்கோல் நிறம், வெள்ளைக்கு ரொம்பப் பக்கம். பின்னணிக்கு விழும் வெளிச்சம் கொஞ்சம் தப்பினால் பாயின் ஓரம் முதலில் போய்விடும். பாயைத் தரையில் விரித்து மேலிருந்து எடுக்காதீர்கள். தாளும் பாயும் ஒரே தளத்தில் கிடந்தால் இரண்டையும் தனித்தனியாக லைட் பண்ண முடியாது. ஒரு கம்பியில் தொங்கவிட்டு, சுவரில் இருந்து நான்கு அடி முன்னால் நிறுத்துங்கள். பாய்க்கு லைட்டை நேரே வைக்காமல், பக்கத்தில் இருந்து பாயை உரசிக்கொண்டு போகிற மாதிரி வையுங்கள். நேரே வைத்தால் பிளாஸ்டிக் பாயா கோரையா என்று தெரியாது. பக்கவாட்டில் வைத்தால் ஒவ்வொரு கோரை இழைக்கும் ஒரு மயிரிழை நிழல் விழுந்து நெசவு எழுந்து வரும்; பட்டுப் பாயாக இருந்தால் அதன் மினுமினுப்பும் அப்போதுதான் தெரியும். சுருட்டி நிறுத்தின பாய் ஒன்றையும் எடுங்கள், சுருளின் வாயில் அடுக்கடுக்காகத் தெரியும் வளையம் வாங்குகிறவருக்கு அதன் மெலிவைச் சொல்லிவிடும்.

ஆப்பில் வெட்டுவது பற்றிக் கேட்டீர்கள். உருண்டையான சொப்புக்கு ஓரளவு ஓடும். பாயின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கோரை நுனியை ஆப் தின்றுவிடும், பாய் கத்தரித்த அட்டை மாதிரி நிற்கும். அடியில் இருந்த நிழலும் சேர்ந்து போய்விடுவதால் சாமான் அந்தரத்தில் மிதக்கும். எடுக்கும்போதே பின்னணி 250க்கு வந்துவிட்டால் வெட்டவே வேண்டாம். போட்டோஷாப்பில் வெளிச்ச அளவைத் திருத்தும் லெவல்ஸைத் திறந்து வலது பக்க முள்ளைக் கொஞ்சம் உள்ளே தள்ளினால் மீதி ஐந்து புள்ளியும் ஏறிவிடும். சந்தேகம் இருந்தால் மேலே ஒரு த்ரெஷோல்ட் லேயர் போட்டு 255 வையுங்கள். வெள்ளை ஆகாத இடம் எல்லாம் கருப்புப் பொட்டாகக் காட்டிக்கொடுக்கும், அந்தப் பொட்டை மட்டும் பிரஷ்ஷால் துடைத்துவிட்டு லேயரை எடுத்துவிடலாம். சாமானின் காலடி நிழலைத் துடைக்காதீர்கள். கண்ணை மட்டும் நம்பவும் வேண்டாம். வெளிச்சம் கூட்டி வைத்த மானிட்டரில் 245கூடச் சுத்த வெள்ளையாகத்தான் தெரியும், இணையப் பக்கத்தில் ஏற்றினதும் படத்தைச் சுற்றிச் சாம்பல் பெட்டி முளைக்கும். சிவகாசியில் கேட்லாக் அடிக்கக் கொடுத்தாலும் இதே கதைதான்: 255 இருந்த இடத்தில் மை விழாது, 245 இருந்த இடத்தில் பொடிப் புள்ளி விழுந்து அழுக்காகத் தெரியும்.

பெரிய லைட்டும் கேமராவும் வியாபாரம் வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்கு டியூப் இரண்டு, மைக்கா ஒரு துண்டு, தெர்மாகோல் இரண்டு, கருப்புச் சார்ட் இரண்டு போதும். எல்லாம் நிறுத்தி முடித்ததும் சுவர் லைட்டில் மட்டும் எடுத்த அந்தக் கருப்புக் குடத்தின் படத்தை எனக்கு அனுப்புங்கள். வயிற்றோரம் பிறை இருக்கிறதா என்று பார்த்து மேஜையை எவ்வளவு இழுக்கணும் என்று சொல்கிறேன்.